வரவில்லை என்று சொல்ல மூன்று பஸ்

பயணம் போய்வந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விமானத்தில் ஜன்னலோரம் கிடைத்த கதையில் ஆரம்பிப்பார்கள். நான் ஏறியது கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகிற பஸ். எனக்கும் ஜன்னலோரம் கிடைத்தது. ஒன்றல்ல, இரண்டு. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கல்வராயன் மலை அயல்நாடா என்று கேட்பீர்கள். எங்கள் கடைத்தெருவுக்கு அது அயல்நாடுதான். மேற்கே திரும்பினால் நீலமாகத் தெரியும், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். இருந்தும் இருபத்திரண்டு வயது வரை நான் அங்கே போனதில்லை. சாக்குக் கடை வைத்திருந்த என் அத்தாவும் போனதில்லை. மலைக் கடுக்காயை மூட்டை கட்ட எங்கள் கடைச் சாக்குகள் மட்டும் வருஷா வருஷம் மலையேறி ஊர் பார்த்துவிட்டு வந்தன.

கைப்பேசி வராத காலம். நான் பக்கத்து மாநிலத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி எம்.எஸ்சி. தாவரவியல் முதல் வருஷம் முடித்திருந்தேன். பெரியப்பாவுக்கு வடக்கே மாற்றல் ஆகிவிட்டது. இரண்டாம் வருஷத்தை நம் பக்கமே படித்துக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மாறுதல் கேட்டு எழுதினோம். ஒன்று எங்கள் ஊருக்குக் கிழக்கே, கடல் பக்கம். இன்னொன்று மேற்கே. ஒன்றாவது கிடைக்க வேண்டுமே என்று அம்மா நோன்பு வைத்தார். இரண்டும் கிடைத்துவிட்டது. அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று.

கிழக்கில் மீன் நன்றாக இருக்கும் என்றார் அம்மா. மேற்கே ரோடு நன்றாக இருக்கும் என்றார் அத்தா. கிழக்கிலிருந்து வந்த கடிதத்தில் என்னை ‘திரு. ஜமீல்’ என்று போட்டிருந்தார்கள். மேற்கிலிருந்து வந்ததில் ‘ஜமீலா’ சரியாக இருந்தது, ஆனால் அத்தாவின் பெயர் தப்பு. நான் காலையில் கிழக்கு, மதியம் மேற்கு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் கிழக்கு என்று இருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டு வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்த மாதிரி ஒரு மிதப்பு.

அத்தாவுக்கு அந்த மிதப்பும் தெரியாது, குழப்பமும் தெரியாது. அவர் வியாபாரி. எங்கள் கடையில் ‘இல்லை’ என்ற சொல் கிடையாது. சாக்கு தீர்ந்துபோய்க் கடை காலியாகக் கிடந்தாலும், கேட்டு வந்தவரிடம் “வந்துகினு கீது” என்பார். சரக்கு கேட்டு இரண்டு ஊரிலிருந்து கடிதம் வந்தால் இரண்டுக்கும் ‘சம்மதம்’ என்று போடுவார். எந்த லாரி முதலில் வருகிறதோ அவனுக்குச் சரக்கு. மற்றவனுக்கு மறுபடியும் “வந்துகினு கீது”. கடைத்தெரு முழுக்க இதே வழக்கம், யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை. அதே கையால், என்னைக் கேட்காமலே, இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் ‘சம்மதம், என் மகள் வந்து சேருவாள்’ என்று எழுதிப் போட்டுவிட்டார்.

“அத்தா, இது இன்னா சாக்கா?” என்று கத்தினேன்.

“ரெண்டு பார்ட்டியும் கைல இருக்கட்டும்மா. கடைசியா பாத்துக்கலாம்.”

இரண்டு ‘பார்ட்டி’யும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். நான் படித்து வந்த இடத்தில் ஹெர்பேரியம் கிடையாது, இங்கே உண்டு. செடியைப் பறித்துப் பழைய பேப்பருக்கு நடுவில் வைத்து, பாரம் ஏற்றிக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, கீழே ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். சீட்டில் செடியின் பெயர், ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர், பறித்த இடம், பறித்தவர், பல்கலைக்கழகம் எல்லாம் இருக்க வேண்டும். அந்த மாதிரி இருபது மலைச் செடிகளோடு வந்து சேரச் சொல்லியிருந்தார்கள்.

பழைய பேப்பர், பாரம் என்றதும் அத்தா முகம் மலர்ந்தது. படிப்பு விஷயத்தில் முதல்முறையாக அவர் கடைச் சாமான் உதவப் போகிறது. இரண்டு பலகை, கட்ட பெல்ட், ஒரு சாக்கு நிறையப் பேப்பர், ஐந்து கிலோ எடைக்கல் நான்கு. அதோடு தெரிந்த அச்சாபீஸில் சீட்டும் அடித்துக்கொண்டு வந்தார். இரண்டு கட்டு. ‘பறித்தவர்: ஜமீலா’ இரண்டிலும் பொது. ஒரு கட்டில் கிழக்கின் பெயர், இன்னொன்றில் மேற்கின் பெயர்.

“எல்லாத்திலயும் ரெண்டு ரெண்டு பறிச்சிடு. ரெண்டு பார்ட்டிக்கும் சாம்பிள்” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஸ்டாண்டு. வெள்ளிமலை பஸ் வந்து நிற்பதற்குள் அத்தா ஓடிப்போய் ஜன்னல் வழியாக இடது பக்க சீட்டில் துண்டைப் போட்டார். ஏறிய பிறகு, அந்தப் பக்கம் வெயில் அடிக்குமோ என்று வலது பக்க சீட்டில் டிபன் கேரியரை வைத்தார். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு சூரியனைப் பார்த்தார். பஸ் நிறைந்தது. என் வயதுப் பெண் ஒருத்தி தோளில் துணிப்பையோடு ஏறி வந்தாள்.

“இங்க ஆள் வருதுங்களா?”

“வருதும்மா.”

“அந்தப் பக்கம்?”

“அங்கயும் வருது.”

அவள் அத்தாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கச்சிராயபாளையம் தாண்டிய பிறகு அத்தா இடது பக்கம் என்று முடிவெடுத்தார். வலது பக்க சீட்டாவது காலியாகும் என்று நினைத்தேன். பலகையை நிற்கவைத்தால் வளைந்துவிடும் என்று அதை அங்கே படுக்கவைத்துவிட்டார்.

“இன்னா பாய், கேரம் போர்டுக்கு ஒரு சீட்டா?” என்றார் கண்டக்டர்.

பஸ் முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே கோமுகி அணையை மிகவும் அக்கறையாகப் பார்த்தேன்.

மலைப்பாதையில் மூன்றாவது வளைவில் எஞ்சின் புகைந்தது. டிரைவர் இறங்கி ஓடையில் தண்ணீர் பிடிக்கப் போனார். எங்கள் ஊராக இருந்தால் பத்துப் பேர் கூடி எஞ்சினுக்கு வைத்தியம் சொல்லியிருப்பார்கள். இங்கே எல்லாரும் இறங்கி, சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி புல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். காற்று சில்லென்று இருந்தது. அத்தா மப்ளரைத் தேடினார். அது பலகைக்கு அடியில் இருந்தது. ஏறி எடுத்தார். திரும்பி வந்தபோது அந்தப் பெண் பாறைமேல் உட்கார்ந்து ஒரு கவரைப் பிரித்து, அநேகமாகப் பத்தாவது தடவையாக, ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிமலையில் அத்தாவிடம் சாக்கு வாங்கும் கடுக்காய் மண்டிக்காரர் எங்களுக்குத் தன் மாடி அறையைக் கொடுத்தார். அறை முழுக்க எங்கள் கடைச் சாக்கு. “பாத்தியா, எவ்ளோ கெட்டியா கீது” என்று தடவித் தடவிப் பார்த்தார் அத்தா. செடிகளைக் காட்ட யாராவது கிடைப்பார்களா என்று கேட்டோம். “இலை தழை படிக்கிற பொண்ணு ஒண்ணு நம்ம ஊர்லயே கீது, அலமேலுன்னு. வரச் சொல்றேன்” என்றார் மண்டிக்காரர். வந்து நின்றது பஸ்ஸில் நின்றவள்.

“நீங்களா? பஸ்ல ரெண்டு சீட்டு புடிச்சவர்தான?” என்று அத்தாவைக் கேட்டாள்.

“ஆமாம்மா” என்றார் அத்தா, பாராட்டு என்று நினைத்துக்கொண்டு.

புதன்கிழமை காலை அவள் வீட்டில் பசியாறினோம். வெந்த பலாக்கொட்டை, வெல்லம் போட்ட டீ. அவளுக்கு அம்மா மட்டும்தான். அந்த அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்து, டம்ளரைக் கையால் தடவித்தான் எடுத்தார். அப்படியும் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “எலும்பா கீறியே, மலையேறுவியா?” என்றார்.

ஏறவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சரிவிலேயே இரண்டு தடவை உட்கார்ந்தபடி கீழே வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு அலமேலு ஏறினாள், நான் கீழே நின்று பை பிடித்தேன். அவள் நன்னாரியை வேரோடு எடுத்தாள். வெப்பாலையைக் காயோடு ஒடித்தாள். தண்ணீர்விட்டான் கொடியை முள்ளுக்குத் தப்பி இழுத்தாள். பாறை இடுக்கில் தீ மாதிரி நின்ற காந்தளைக் காட்டி, “அது வேணும்” என்று சின்னப் பிள்ளை மிட்டாய் கேட்பதுபோலக் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே ஏறி, அதையும் கிழங்கோடு தோண்டினாள். எல்லாவற்றிலும் இரண்டு.

“எதுக்கு ரெண்டு?”

“ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா” என்றேன். எனக்கும் அத்தாவின் ரத்தம்தானே.

“கெடாது. டெய்லி பேப்பர மாத்தணும், அவ்ளோதான். ஒரு நாள் வுட்டீன்னாலும் கருத்துப்பூடும்.”

அன்று மதியம் ஓடைக்கரையில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டோம். சாமைச் சோறு வாயில் ஒட்டாமல் உதிர்ந்தது. எங்கள் வீட்டில் அரிசிச் சோறுதான் சோறு, மற்றதெல்லாம் காய்ச்சல்காரர்களுக்கு. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மேலே மரங்கள் அடுக்கடுக்காக நின்றன. அவளுக்கு ஒவ்வொன்றின் பெயரும் தெரிந்திருந்தது. எனக்கு லத்தீன் பெயர் தெரியும், மரம் தெரியாது.

மேற்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் மலைத் தாவரங்களைத்தான் ஆராய்கிறார் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். கிழக்கில் கடல்பாசி. கடல்பாசி என்றால் நோன்பு திறக்கும்போது அம்மா தட்டில் ஊற்றி வில்லை போடும் இனிப்பு, அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. சாமைச் சோற்றின் கடைசிக் கவளத்தில், இரண்டு வார இழுபறிக்குப் பிறகு, முடிவெடுத்தேன். மேற்கு. மனசு லேசாகிவிட்டது. அத்தாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அத்தா பொழுது போகாமல் அலமேலுவைக் கேட்டுவிட்டார்: “நீ எங்கம்மா படிக்கிற?”

“மதுரை தாண்டிங்க. மொத வருஷம் முடிச்சிட்டேன். இப்ப மாறுதல் கேட்டு கீறேன். இங்க மேற்குல” என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னாள். “அம்மாவுக்குக் கண்ணு இந்த மாரி ஆயிடுச்சா, வாரா வாரம் வந்து பாத்துக்கினு போணும். அங்கதான் பஸ் தோதா கீது.”

“கெடச்சிடுச்சா?”

அவள் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. இருப்பது ஒரே இடம். அது ஏற்கெனவே ஒருவருக்கு ஒதுக்கப்பட்டு, அவரும் சம்மதம் தெரிவித்துவிட்டார்.

“திங்கக்கெழம நேர்லயே போயி கேட்டேன். யாரோ ஒருத்தி சேர்றேன்னு எழுதிப் போட்டுட்டு வராம கீறாளாம். வர்றாளா இல்லியான்னு அவங்களுக்கே தெரியல. சேந்தா சேரணும், இல்லன்னா இல்லன்னு சொல்லணும். துண்டப் போட்டுட்டு எங்க போய் பீடி குடிக்கிறாளோ மகராசி!”

அத்தாவுக்குப் புரையேறியது. நான் முதுகில் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே.

“கெடைக்கலன்னா?” என்றேன்.

“கெடைக்கலன்னா இன்னா? படிச்சது போதும்னு சாமை வெதைக்க வேண்டியதுதான். அம்மாவ வுட்டுட்டு மதுரைக்குப் போவ முடியாது.”

அவள் தட்டைக் கழுவ ஓடைக்குப் போனாள். அத்தா என்னைப் பார்க்கவில்லை, நான் அத்தாவைப் பார்க்கவில்லை.

யோக்கியமான பெண்ணாக இருந்தால் அங்கேயே எழுந்து சொல்லியிருப்பேன். நான் மூடிக்கொண்டு இருந்தேன். முடிவெடுத்து ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லையே, அதற்குள் பிடுங்குகிறார்களே என்று அவள்மேல் கோபம்கூட வந்தது. கடிதம் முதலில் எனக்குத்தானே வந்தது என்று நியாயம் பேசிக்கொண்டேன். சாயங்காலம் அவளே உட்கார்ந்து எல்லாச் செடிக்கும் பேப்பர் போட்டு, எடைக்கல் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அத்தா தொழுதுவிட்டு வந்து, நான் கேட்காமலே, “நாளைக்குப் பாத்துக்கலாம்மா” என்றார். அவர் குரல் கடையில் பேசுகிற குரலாக இல்லை.

வியாழக்கிழமை கரியாலூர் பக்கம் போனோம். மழை தூறியது. அவள் கடுக்காய்க் கிளை ஒடித்தாள், சிறியாநங்கை எடுத்தாள். வாயாடியான நான் பேசாமல் வருவது எனக்கே கஷ்டமாக இருந்தது. இருபதாவது செடியைப் பையில் போட்டபோது தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

“அலமேலு, அந்த மகராசி நான்தான்.”

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

“தெரியும்.”

“எப்படி?”

“நேத்து சாயங்காலம் பேப்பர் போடறப்போ ரெண்டு கட்டு சீட்டும் பாத்தேன். எனக்கு எழுத்து தெரியாதா இன்னா?”

“அப்புறம் ஏன் கேக்கல? இன்னிக்கும் வந்து பறிச்சுக் குடுத்தியே?”

“நீயா சொல்றியான்னு பாத்தேன். சொல்லாம மலை எறங்கப் பாத்திருந்தீன்னா, கடைசிச் செடி காஞ்சொறிதான். வெறுங்கையால பறின்னு சொல்லியிருப்பேன்.” காஞ்சொறி என்றால் பட்ட இடம் ராத்திரி முழுக்க எரியும் செடி. ஓரமாக ஒன்று செழிப்பாக நின்றது. அவள் அதைத் தேடி வைத்திருந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

“நான் விட்டுக்கொடுத்துடறேன்” என்றேன், கண்ணெல்லாம் கலங்க, பெரிய தியாகி மாதிரி.

அவளுக்கு அதில்தான் கோபம் வந்தது. “விட்டுக்குடுக்க அது இன்னா உன் வூட்டு கம்மலா? உனுக்கு அங்க சேரணும்னா சேரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், சத்தியமா. சேரலன்னா இல்லன்னு சொல்லு. ரெண்டு எடத்தையும் புடிச்சிக்கினு நிக்காத. அவ்ளோதான் கேக்கறேன்.”

திரும்பி நடந்த அரைமணி நேரமும் யோசித்தேன். மலைத் தாவரம் எனக்குப் பிடித்திருந்தது, உண்மைதான். எப்போதிலிருந்து பிடித்தது? நேற்று மத்தியானத்திலிருந்து. யார் காட்டிப் பிடித்தது? முன்னால் போகிறாளே இவள் காட்டி. இவள் இல்லாமல் நான் அந்தப் பேராசிரியரிடம் போய் எந்த மரத்தைக் காட்டுவேன்? கிழக்கிலும் எனக்கு ஒரு நாற்காலி காத்திருந்தது. இவளுக்கு வேறு நாற்காலி எங்கேயும் இல்லை. இது தியாகம் இல்லை, கணக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியும் வலித்தது.

மாடி அறையில் மேற்குப் பல்கலைக்கழகச் சீட்டுக் கட்டை எடுத்து, ‘பறித்தவர்: ஜமீலா’ என்பதை இருபதிலும் அடித்து, ‘அலமேலு’ என்று எழுதினேன். பறித்தவள் அவள்தானே. ஒரு பலகை, இரண்டு எடைக்கல், அந்தச் செடிகள் எல்லாவற்றையும் அவள் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

“வரலன்னு மேற்குக்கு ஒரு லெட்டர் எழுதுங்க அத்தா” என்றேன்.

அத்தா அஞ்சலட்டையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ‘தங்களுக்கு’ என்று எழுதினார். யோசித்தார். ‘தற்சமயம்’ என்று எழுதினார். பேனாவை மூடினார், திறந்தார். முப்பது வருஷம் சாக்கு விற்ற மனுஷருக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. பேனாவைப் பிடுங்கி நானே எழுதியிருக்கலாம்தான். அவர் விடவில்லை. கடைசியில் மண்டிக்காரர் சொன்னார், மலையிலிருந்து தபால் இறங்கவே இரண்டு நாள் ஆகும், அங்கே போய்ச் சேருவதற்குள் சேர்க்கையே முடிந்துபோகும் என்று.

“அப்ப நேர்லயே போயி சொல்லிடலாம். நான் எழுதிப் போட்டது, நானே சொல்றேன்” என்றார் அத்தா.

வரவில்லை என்று சொல்ல மூன்று பஸ் பிடித்தோம். வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒன்று, அங்கிருந்து மேற்கே ஒன்று, அந்த ஊரிலிருந்து பல்கலைக்கழக வாசலுக்கு டவுன் பஸ் ஒன்று. வெள்ளிக்கிழமை. வழியில் ஒரு பள்ளிவாசலில் அத்தா ஜும்மா தொழுதார். நான் வாசலில் என் பலகையைக் காவல் காத்தேன். வெளியே வந்தவர்களில் ஒருவர், “கேரம் போர்டாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தார். அத்தா கவுண்டர் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

“என் புள்ள... அதாவது நீங்க எடம் குடுத்தீங்க... இப்போதைக்கு...”

“தேதி தள்ளிப் போடணுமா?”

“தள்ளியெல்லாம் வேணாங்க... அது வந்து...”

“சர்டிபிகேட் வரலையா?”

“அதெல்லாம் வந்திடுச்சுங்க...” அத்தாவின் நெற்றி வேர்த்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தார். துண்டைப் பார்த்தார். “இல்லைங்க. வரல. வேற ஒருத்தர் காத்துக்கினு கீறாங்க, அவங்களுக்குக் குடுத்துடுங்க.”

சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “வரமாட்டேன்னு சொல்ல நேர்ல வந்தவங்கள நான் இப்பதாங்க பாக்கறேன்” என்றார். பதிவேட்டை விரித்து, சிவப்பு மையில் என் பெயர்மேல் ஒரு கோடு போட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகத் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு கொஞ்சம் கோணல்.

அடுத்த பெயருக்கு உடனே கடிதம் தயாரானது. திங்கட்கிழமை மாலைக்குள் வந்து சேர வேண்டும். தபாலில் போட்டால் மலைக்கு எப்போது போகும் என்று அந்த அம்மா அத்தாவையே கேட்டார். அத்தா கையை நீட்டினார். துறைத் தலைவர் வரைக்கும் போய்க் கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, கடிதத்தை எங்களிடமே கொடுத்தார்கள். அதற்காகக் காத்திருந்த நேரத்தில் அவர்களுடைய தாவரத் தோட்டத்தைச் சுற்றிவந்தேன். ஒவ்வொரு மரத்திலும் பெயர்ப் பலகை இருந்தது. வெப்பாலை ஒன்று நின்றது, காயைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அழுகை வந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே அழுதேன்.

சனிக்கிழமை காலை மறுபடியும் வெள்ளிமலை பஸ். அதே கண்டக்டர்.

“இன்னா பாய், இன்னிக்குத் துண்டு போடலியா?”

“எடம் இருந்தா ஒக்கார்றேன், இல்லன்னா நிக்கறேன்” என்றார் அத்தா.

இடம் இல்லை. கச்சிராயபாளையம் வரை நின்றோம். அங்கே ஒரு சீட்டு காலியானது. அத்தா உட்காராமல், கூடையோடு நின்ற ஒரு பெண்ணை உட்காரச் சொன்னார். அதைப் பெருமையாக நான் பார்க்கிறேனா என்று ஓரக்கண்ணால் வேறு பார்த்துக்கொண்டார்.

அலமேலு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். கட்டிப்பிடிப்பாள், இல்லாவிட்டால் குறைந்தபட்சம் அழுவாள் என்று எதிர்பார்த்து முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் உள்ளே போய் அம்மாவின் கையில் அந்தக் காகிதத்தை வைத்து, விரலைப் பிடித்து முத்திரை இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அந்த அம்மா திரும்பத் திரும்ப அதைத் தடவினார். பிறகு அலமேலு வெளியே வந்தாள்.

“பேப்பர் மாத்தினியா?”

“எந்தப் பேப்பர்?”

அவள் கண் என் பலகைமேல் இருந்தது. வியாழக்கிழமை கட்டியது. மூன்று பஸ், ஒரு பள்ளிவாசல், ஓர் அலுவலகம், மறுபடியும் மூன்று பஸ் என்று தூக்கிக்கொண்டு அலைந்தேனே தவிர, அவிழ்த்துப் பார்க்கவே இல்லை. பெல்ட்டை அவிழ்த்தோம். காந்தள் கரியாகியிருந்தது. நன்னாரியில் வெள்ளையாகப் பூசணம். இருபதும் போயிருந்தது. பக்கத்தில் முறத்தின்மேல், வெயிலில், அவளுடைய இருபதும் இலை மடங்காமல் பச்சையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

நான் அவற்றைப் பார்த்தேன். அப்புறம் அவளைப் பார்த்தேன்.

“ஆசையா பாக்காத. அது தர மாட்டேன்” என்றாள் அலமேலு. “கெழக்குல என்னிக்கு சேரணும்?”

“அடுத்த சனிக்கெழம.”

“அப்ப காயறதுக்கு நாள் கீது.”

அவள் உள்ளே போய் இரண்டு பொருள் எடுத்துவந்தாள். துணிப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். மண்வெட்டியை என் கையில் கொடுத்தாள். “வா, மழை வர்றதுக்குள்ள போலாம். நான் கீழ நின்னுகினு பேர் சொல்றேன். இந்த வாட்டி நீ ஏறு.”